கோவையில் முதல் ஆறு மாதம்: பி.ஜி.யா, பேச்சுலர் ரூமா, லைன் வீடா, தனி வீடா?

கோவைக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். அதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒத்துவரவில்லை என்றால் அங்கிருந்து காலி செய்ய எவ்வளவு ஆகும், கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்?

புதிதாக வந்தவருக்கு முதல் ஆறு மாதத்தில் எதுவும் நிலையாக இருப்பதில்லை. பயிற்சி முடிந்ததும் கம்பெனி வேறு இடத்துக்கு மாற்றும். பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் ஆகும். சேர்ந்து வீடு எடுத்த நண்பருக்குச் சென்னையில் வேலை கிடைக்கும். தை மாதம் நன்றாக வந்த போர் தண்ணீர் சித்திரையில் நின்றுவிடும். அந்த நேரத்தில் கிளம்ப முடிகிறவர் தப்பிக்கிறார். மாதம் ஐந்நூறு ரூபாய் குறைகிறதே என்று பெரிய அட்வான்ஸைக் கொடுத்துவிட்டவர், வேலை கீரணத்தத்திலும் வீடு குனியமுத்தூரிலுமாகத் தினமும் ஊரைக் குறுக்கே கடந்துகொண்டிருப்பார்.

அதனால் ஒவ்வொரு வழியிலும் இருப்பதற்கான செலவு, கிளம்புவதற்கான செலவு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் வாடகைத் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக. தெருவுக்குத் தெரு அவை மாறும்; கணக்குப் போடும் முறை மாறாது.

வந்து இறங்கும் நாட்கள்

சேலம், ஈரோடு, சென்னைப் பக்கத்திலிருந்து வரும் பேருந்துகள் காந்திபுரத்துக்கு வரும். மதுரை, திருச்சி, தென்மாவட்டப் பேருந்துகள் சிங்காநல்லூரோடு நின்றுவிடும். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு வண்டிகளுக்கு உக்கடம். ஊட்டி, மேட்டுப்பாளையம் என்றால் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புது பஸ் ஸ்டாண்ட். இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு தேடத் தொடங்குவது பலர் செய்கிற காரியம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இடத்தில் வாடகை கூடுதல், சத்தமும் கூடுதல். அலுவலகம் இன்னொரு மூலையில் இருந்தால் அந்த வசதியால் ஒரு பயனும் இல்லை.

முதல் சில நாளுக்கு காந்திபுரம், ராம்நகர், ரயில்வே ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் லாட்ஜ்கள் நெருக்கமாக இருக்கின்றன. அறை எடுக்கும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணி நேரமா, மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? விடிகாலை ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறவர் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் நுழைந்தால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு முழுநாள் வாடகை போய்விடும். அசல் அடையாள அட்டை கட்டாயம் கேட்பார்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும்.

லாட்ஜைவிட நல்ல வழி, வேலை செய்யப்போகும் பகுதியிலுள்ள பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட், கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதி) தினக்கட்டணத்தில் தங்குவது. காலியான கட்டில் இருந்தால் நிறைய இடங்களில் கொடுக்கிறார்கள். மூன்று நாளில் சாப்பாடு, தண்ணீர், பக்கத்து அறைச் சத்தம், காலையில் பாத்ரூம் வரிசை எல்லாம் தெரிந்துவிடும்.

பி.ஜி., ஹாஸ்டல்

உணவோடு சேர்த்து ஒரு கட்டிலுக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 5,000. காலி செய்யும்போது பராமரிப்பு என்று 1,000 பிடிப்பார்கள். நான்கு மாதத்தில் கிளம்பினால் இழப்பு அந்த ஆயிரம்தான். பாய், தலையணை, வாளி, கப், பூட்டு தவிர வாங்க வேண்டியது எதுவுமில்லை. முதல் மூன்று மாதத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது என்பதே எங்கள் கருத்து. வாடகை மட்டும் பார்த்தால் இது மற்றவற்றைவிட அதிகம் என்று தோன்றும். காரணம், மற்றவற்றில் சாப்பாட்டையும் தண்ணீர் கேனையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். பகல் பதினொரு மணிக்குப் போனால் எல்லா பி.ஜி.யும் அமைதியாக, சுத்தமாகத்தான் இருக்கும். காலை ஏழரைக்குப் போங்கள். எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு பாத்ரூமுக்கு ஆறு பேருக்கு மேல் போனால் ஒன்பது மணி அலுவலகத்துக்குத் தினமும் தாமதம்தான். அல்லது இரவுச் சாப்பாட்டு நேரத்தில், கடைசி அரைமணியில் போங்கள். அப்போது மிச்சம் இருப்பதுதான் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கிடைக்கும் சாப்பாடு.

மெத்தையின் ஓரத் தையலை விலக்கிப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. கட்டில் மரமாக இருந்தால் இணைப்புகளிலும், சுவரோரப் பிளக் பாயிண்டைச் சுற்றியும் பாருங்கள். ஒரு அறையில் இருந்தால் அடுத்த அறைக்கும் வந்துவிடும். "மருந்து அடிச்சுட்டோமுங்க" என்ற பதிலை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது பையோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்துவிடும்.

மாடிப்படி ஒன்றுதானா, இரவில் கீழ் கிரில் கேட் பூட்டப்படுகிறதா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். வார்டன் கீழே தூங்கி, சாவி அவர் தலைமாட்டில் இருக்கிற இடத்தில் தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு வழி கிடையாது. பூட்டாத இன்னொரு வழி இல்லாத கட்டடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குபடுத்தும்) சட்டப்படி உரிமம் வேண்டும். "லைசென்ஸ் இருக்குங்களா?" என்று கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. இருக்கிறவர்கள் காட்டுவார்கள். இரவு ஷிப்ட் உள்ள பெண்கள் கேட் நேரத்தைப் பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். சேரும்போது "பரவாயில்லைங்க, போன் பண்ணுங்க, திறந்து விடறோம்" என்பவர்கள் மூன்றாவது வாரம் முகம் சுளிப்பதுதான் இதில் அடிக்கடி வரும் தகராறு.

பேச்சுலர் ரூம்

மூன்று பேர் சேர்ந்து 12,000 வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு எடுக்கிறார்கள். ஆளுக்கு 4,000. அட்வான்ஸ் 60,000, ஆளுக்கு 20,000. பி.ஜி.யோடு ஒப்பிட்டால் பாதிதான் என்று தோன்றும். அதோடு சாப்பாடு, கேன் தண்ணீர், கரண்ட், கேஸ், பெருக்கித் துடைக்க வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள் வந்து நிற்கும். தாங்களே சமைப்பவர்களுக்குத்தான் உண்மையில் மிச்சம். அதுவும் அரிசிம்பருப்பு சாதம், ரசம், முட்டை என்று எளிமையாக, முறை வைத்துச் சமைக்கிற கூட்டமாக இருந்தால்.

சமையலுக்கு முகவரிச் சான்று இல்லாமல் வீட்டு கேஸ் இணைப்பு கிடைக்காது. அதுவரை எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாள அட்டை காட்டி ஏஜென்சியில் வாங்கலாம். தெருக்கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பித் தரும் சின்ன சிலிண்டர் வேண்டாம். வால்வு கசிந்தால் மூடிய அறையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழியில் சிக்கல் வருவது அட்வான்ஸில்தான். ஒருவர் பெயரில் ஒப்பந்தம் இருக்கும். முதலில் ஒருவர் கிளம்புவார். புதிதாக வருகிறவர் அவரிடம் 20,000 கொடுத்து இடத்தைப் பிடிப்பார். வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது. இப்படி இரண்டு முறை ஆள் மாறியபின் வீட்டைக் காலி செய்தால், பெயிண்டிங், உடைந்த குழாய், பாக்கி கரண்ட் பில் என்று 15,000 பிடித்துக்கொண்டு 45,000 தருவார். முன்பே போனவர்கள் முழுப்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நஷ்டம் முழுவதும் கடைசியில் இருப்பவர்கள் தலையில். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, அன்று வரை ஆன சேதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். "இன்று முதல் இன்னாருக்குப் பதில் இன்னார், அட்வான்ஸ் 20,000 இவருடையது" என்று வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே பணம் கை மாற வேண்டும்.

லைன் வீடு

ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து, எட்டு, பத்து வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு இன்னொன்று, கடைசியில் பொதுவான கக்கூசும் குளியலறையும். வளவு என்றும் சொல்வார்கள். பழைய மில்கள் இருந்த சிங்காநல்லூர், பீளமேடு உட்புறம், பட்டறைகள் நிறைந்த கணபதி, ஆவாரம்பாளையம், ரத்தினபுரி, குறிச்சிப் பக்கம் இன்றும் நிறைய உண்டு. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வாய்க்கும். அங்கே சனிக்கிழமை வாரச் சம்பளம் என்பதால் வாடகைத் தேதியைப் பேசும்போதே மாதத்தின் முதல் சனி என்று வைத்துக்கொள்வது சௌகரியம்.

வாடகை குறைவு, அட்வான்ஸ் 10,000, 15,000 என்ற அளவில் நிற்கும், புரோக்கர் தேவையில்லை. கேட்டில் தொங்கும் டூ-லெட் பலகையைப் பார்த்து நேராகக் கேட்கலாம். கிளம்பும் செலவும் மிகக் குறைவு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, குறிப்பாகக் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில், பக்கத்து வீட்டு அக்கா குழந்தையின் மேல் ஒரு கண் வைத்திருப்பது எந்த அப்பார்ட்மெண்டிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி.

கூரையைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். சிமெண்ட் ஷீட் என்றால் மாசி பிறந்ததும் மதியத்தில் உள்ளே இருக்க முடியாது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு ஷீட் வீடு உதவாது. ஓடு என்றால் ஐப்பசி மழையில் எங்கே ஒழுகும் என்று சுவரிலுள்ள பழுப்புக் கோடுகளே சொல்லிவிடும். எத்தனை வீட்டுக்கு எத்தனை கக்கூஸ், யார் கழுவுவது, மோட்டார் போடுகிற நேரம் என்ன, இரவு கேட் எப்போது பூட்டுவார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து பத்து நாள் தங்கலாமா என்று எல்லாம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

இதில் குறை, காகிதம் எதுவும் இருக்காது. ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. ஆதார் முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு எல்லாம் தடைபடும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வீட்டுக்காரர் தயங்கினால், அட்வான்ஸை வங்கி வழியாக, "அட்வான்ஸ்" என்று குறிப்புப் போட்டு அனுப்புங்கள். கொடுத்ததற்கு அது ஒன்றே சாட்சி.

தனி வீடு, அப்பார்ட்மெண்ட்

மாதம் 9,000 வாடகையில் ஒரு படுக்கையறை வீடு. அட்வான்ஸ் 50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 9,000. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று இன்னொரு மாத வாடகை பிடித்தம், 9,000. சாமான் ஏற்றிப் போக டாட்டா ஏஸ் வண்டிக்கு 2,000. நான்கு மாதத்தில் கிளம்பினால் வாடகைக்கு மேல் போனது 20,000. அதாவது மாதம் 5,000. ஒன்பதாயிரம் என்று எடுத்த வீடு பதினான்காயிரத்தில் முடிந்திருக்கிறது. இரண்டு வருடம் இருந்தால் அதே 20,000 மாதத்துக்கு 850 ரூபாய்கூட வராது. தனி வீடு நல்லதா கெட்டதா என்பதற்கு இந்த வகுத்தல் கணக்கே பதில். ஒரு வருடத்துக்குமேல் இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்தபிறகு எடுங்கள். குடும்பத்தோடு, குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இது பொருந்தும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றப்பட்டது) எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. "வேறுவிதமாக எழுதாத வரை" என்பதைக் கவனியுங்கள். பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பதினொரு மாத ஒப்பந்தம் போடுவது, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு விஷயம். பதினொரு மாதம் என்றாலும் அது வேண்டும்.

பெயிண்டிங் பிடித்தத்தை ஒப்பந்தம் எழுதும்போதே பேசுங்கள். "ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் பாதி மாத வாடகை" என்று இறக்கிக் கேட்டால் ஒத்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. சாவி வாங்கும் நாளன்று சுவர், குழாய், சுவிட்ச், கழிவறை, கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். கரண்ட் மீட்டர் எண்ணிக்கையையும் சேர்த்து.

இனி ஒரு கசப்பான விஷயம். "எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?" என்று கொங்குப் பகுதியில் வீடு காட்டும்போதே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே கேள்வி "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைத்தும் வரும். கல்யாணமாகாதவர், முஸ்லிம், வடமாநிலத்தவர் என்றால் பலகை தொங்கும் வீட்டிலேயே "இப்பத்தான் பேசி முடிஞ்சுதுங்க" என்பார்கள். இது தவறு, அநியாயம். வாடகைக்கு வருகிறவரின் சாதியும் மதமும் வீட்டுக்காரர் விசாரிக்க வேண்டியவை அல்ல. பொய் சொல்லி உள்ளே போவதில் பயனில்லை. வந்து போகிற உறவினர்களும் சமையல் வாசனையும் தினமும் கண்காணிக்கப்படும். முதலாளி வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அப்பார்ட்மெண்ட்களிலும், கம்பெனி தன் பெயரில் எடுத்துத் தரும் வீடுகளிலும் இந்தக் கேள்வி குறைவு. அலுவலகத்தில் ஏற்கெனவே அப்பகுதியில் குடியிருப்பவர் வழியாகப் போவதும் உதவும்.

போக்கியம்

நாலைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்துவிட்டு, முழுப்பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்க இனிமையாக இருக்கும். முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால் போக்கியக்காரர் தெருவுக்கு வருவார். வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்து, தானே உரிமையாளர் போலப் போக்கியத்துக்கு விட்டுவிட்டுத் தலைமறைவாகும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். என்றாவது எடுப்பதானால் பத்திரத்தில் பெயருள்ளவரை நேரில் பார்த்து, வில்லங்கச் சான்று போட்டு, அசல் பத்திரம் வங்கியில் இல்லை என்று உறுதி செய்து, பதிவு செய்த ஆவணத்தோடு மட்டும் எடுங்கள்.

தண்ணீரும் கரண்டும்

வீடு பார்க்கும்போது "தண்ணி வசதி எப்படிங்க?" என்றால் "அதுக்கெல்லாம் பஞ்சமே இல்லைங்க" என்றுதான் பதில் வரும். இரண்டு தண்ணீரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நல்ல தண்ணி என்பது சிறுவாணி, பில்லூர் திட்டங்களிலிருந்து வரும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். உப்புத்தண்ணி என்பது போர் தண்ணீர். நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நம் வீட்டுக்கென்று தனிக் குழாய் உண்டா, சம்பில் (தரையடித் தொட்டியில்) விழுந்து உப்புத்தண்ணியோடு கலந்துவிடுகிறதா? வீட்டுக்காரரைவிட, அதே காம்பவுண்டில் குடியிருக்கும் ஒருவரிடம் கேட்பது நல்லது. நல்ல தண்ணி பகல் பதினொரு மணிக்கு வருகிற தெருவில், வேலைக்குப் போகிறவருக்கு அது வந்தும் வராதது போலத்தான்.

உப்பின் அளவைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பாத்ரூம் டைல்ஸ் மங்கியிருக்கிறதா பாருங்கள். கையில் சோப்புப் போட்டால் நுரை வருகிறதா பாருங்கள். வாட்டர் ஹீட்டர் காயில், துணி, தலைமுடி மூன்றையும் அது கெடுக்கும்.

அளவுக் கணக்கும் எளிது. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு. மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று, நான்கு குடும்பம், மொத்தம் 16 பேர் என்றால் ஒருமுறை நிரப்பினால் ஆளுக்கு 62 லிட்டர். ஒரு நாளைக்கு இரண்டு முறை மோட்டார் ஓடினால்தான் போதும். வீட்டுக்காரர் காலையில் ஒரு முறை மட்டும் போடுகிறார் என்றால் மாலையில் குழாய் காயும். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

கரண்டில் ஏமாறுவது இன்னும் எளிது. 2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 250 யூனிட் ஓடினால் அதன்படி 470 ரூபாய் அளவில் முடியும். அதே வீட்டுக்குத் தனி இணைப்பு இல்லாமல், வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் 2,250. மாதம் 890 ரூபாய் கூடுதல். வாடகையில் 500 குறைத்துக் கொடுத்துவிட்டுக் கரண்டில் எடுத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. "தனி சர்வீஸ் நம்பரா, சப்-மீட்டரா?" என்ற ஒரே கேள்வியில் இது தெரிந்துவிடும். தனி சர்வீஸ் என்றால் பில் நேராக நாமே ஆன்லைனில் கட்டலாம்.

எந்தப் பக்கம்?

ஊரின் நடுவிலிருந்து அவிநாசி சாலை, சத்தி (சத்தியமங்கலம்) சாலை, திருச்சி சாலை, பொள்ளாச்சி சாலை, பாலக்காடு சாலை, மேட்டுப்பாளையம் சாலை, மருதமலை சாலை என்று பிரிகிற ஊர் இது. வேலை எந்தச் சாலையில் இருக்கிறதோ அதே சாலையில் வீடு பார்ப்பதுதான் முதல் விதி. ஒரே சாலையில் எட்டு கிலோமீட்டர் போவது, ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு நாலு கிலோமீட்டர் கடப்பதைவிட எளிது; கடக்கிறவர் காந்திபுரத்திலோ உக்கடத்திலோ பஸ் மாற வேண்டியிருக்கும். விதிவிலக்காகச் சில இணைப்புச் சாலைகள் உண்டு. சிங்காநல்லூரையும் ஹோப்ஸையும் காமராஜர் சாலை இணைக்கிறது. பீளமேட்டுக்கும் சரவணம்பட்டிக்கும் இடையே விளாங்குறிச்சி வழி இருக்கிறது. துடியலூரிலிருந்து சரவணம்பட்டிக்கு நேர்ச்சாலை உண்டு. இரு சக்கர வண்டி இருந்தால் இவை உதவும். பஸ்ஸை நம்புகிறவர் இவற்றை நம்ப வேண்டாம்.

அவிநாசி சாலையில் பீளமேடு, ஹோப்ஸ், சித்ரா பக்கம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் டைடல் பார்க்கும் அருகருகே. பி.ஜி.க்களும் மெஸ்களும் நெருக்கம். பஸ் இரவு வரை கிடைக்கும். எந்த வேலை நிலைக்கும் என்று தெரியாதவருக்கு இதுதான் சரியான இடம், ஏனென்றால் இங்கிருந்து மூன்று பக்கமும் போகலாம். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் போகிறது. வண்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய மிச்சம். பஸ்ஸில் போகிறவருக்கு நிறுத்தங்கள் கீழேதான்.

சரவணம்பட்டி, கீரணத்தம், காளப்பட்டி பக்கம் ஐ.டி. வேலைக்காரர்களுக்காக எழும்பிய புதுக் கட்டடங்கள். நடந்தே அலுவலகம் போக முடிந்தால் மட்டும் இங்கே எடுங்கள். காலையில் சரவணம்பட்டி சந்திப்பையும் கணபதியையும் தாண்டுவது பொறுமையைச் சோதிக்கும். சரவணம்பட்டியும் காளப்பட்டியும் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. புதிதாக எழும்பிய தெருக்களில் செப்டிக் டேங்க் லாரியும் கேன் தண்ணீரும் மாதச் செலவில் சேரும். பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று தெருவாரியாகக் கேளுங்கள்.

சிங்காநல்லூரும் ராமநாதபுரமும் குடும்பத்துக்கு நல்ல பகுதிகள். வாடகைக்கு ஏற்ற வசதி உண்டு, தென்மாவட்டம் போக பஸ் வாசலிலேயே. குளத்தையும் சங்கனூர் பள்ளத்தையும் ஒட்டிய தாழ்வான தெருக்களில் மட்டும் கவனம்: தெருவைவிட வீட்டு வாசல் உயரமா, சுவரில் முழங்கால் உயரத்தில் நீர்க்கறை இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்தால் அவிநாசி சாலை ரயில்வே பாலமும் லங்கா கார்னரும் தண்ணீரில் நிற்கும். அந்த வழியே வேலைக்குப் போகிறவர் மாற்றுவழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சி சாலையில் சுந்தராபுரம், குறிச்சி, ஈச்சனாரி பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலும் மலுமிச்சம்பட்டித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஏற்றது, வாடகை குறைவு. போத்தனூர், வெள்ளலூர் பக்கம் வீடு பார்ப்பவர் கட்டாயம் மாலையிலோ இரவிலோ ஒருமுறை போய் நின்று பார்க்க வேண்டும். வெள்ளலூர் குப்பைக்கிடங்கின் நாற்றம் காற்று திரும்பும்போதுதான் தெரியும். பகலில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஜன்னலை மூடியே வாழ்கிறார்கள்.

வடவள்ளி, கோவைப்புதூர் இரண்டும் மலையடிவாரக் காற்றும் அமைதியும் உள்ள இடங்கள். வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் பக்கம் வேலையோ படிப்போ என்றால் வடவள்ளிக்கு ஈடு இல்லை. மருதமலை, தடாகம் ஓரங்களில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. நள்ளிரவுக்குமேல் தனியாக பைக்கில் திரும்புகிற ஷிப்ட் என்றால் ஊருக்குள்ளேயே, விளக்கு உள்ள பெரிய சாலையை ஒட்டிப் பாருங்கள்.

பஸ் செலவில் பெண்களுக்கு ஒரு கணக்கு தனியாக உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கோவையில் தனியார் டவுன் பஸ்கள் அதிகம். அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். வீட்டருகே நிற்கிற பஸ்ஸில் அரசு பஸ் எத்தனை, எந்த நேரத்தில் என்று நிறுத்தத்தில் அரைமணி நின்று பார்த்துவிட்டால் மாதச் செலவு தெளிவாகும்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ளபடி, பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன், எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று கடைசி மாத வாடகையைக் கட்டாமல் விடுவது சிலரது பழக்கம். அட்வான்ஸ் திரும்புமா என்று நியாயமான சந்தேகம் இருந்தால் இதை முன்கூட்டியே பேசி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிச் செய்யலாம். சொல்லாமல் செய்தால் தகராறுக்கு நாமே வழி கொடுத்தது போலாகும்.

கடைசி நாள் மீட்டர் எண்ணிக்கையைப் படம் எடுத்து, பில்லைக் கட்டி, வீட்டைக் கூட்டிவிட்டு, நுழைந்த நாள் எடுத்த வீடியோவோடு ஒப்பிட்டு வீட்டுக்காரருடன் சேர்ந்தே சுற்றிப் பாருங்கள். பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்று அங்கேயே எழுதி வாங்கி, பிறகு சாவியைக் கொடுங்கள். சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கிக் குறிப்பு, இரண்டு வீடியோ, நோட்டீஸ் செய்தி இந்த நான்கையும் பணம் கைக்கு வரும் வரை போனில் மட்டும் வைக்காமல் மெயிலுக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.